சார்ஜ் ஏறியது, படம் வரவில்லை: செந்தூல் கணக்கு அலுவலகத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

கோலாலம்பூர் செந்தூலில், ஒரு கடைவீட்டு மாடியில் இருக்கும் சின்னக் கணக்கு அலுவலகம் அது. ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு புதன்கிழமை காலை, அங்கிருந்த லேப்டாப் தன்னோடு இணைந்த பெரிய மானிட்டரைக் கண்டுகொள்ளாமல் போனது. காரணம் பிடிபட ஒன்றரை நாள் ஆயிற்று. பிடிபட்ட பிறகு சரிசெய்ய இரண்டு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. அந்த அலுவலகத்தின் கணினிச் சிக்கல்களைப் பார்த்துக் கொடுப்பவன் நான். இடைப்பட்ட நேரத்தில் எடுத்த முடிவுகளில் பாதி என்னுடையவை, அவற்றில் சில தவறானவை. இதே சிக்கலில் மாட்டுகிறவர்களுக்கு அவை உதவும் என்பதால், அலுவலகப் பொறுப்பாளரின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். யார் பெயரும் இதில் இல்லை.

பின்னணி

அலுவலகத்தில் மூன்று பேர். பொறுப்பாளர் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி, நான் அக்கா என்று கூப்பிடுவேன். உதவிக்கு ஓர் இளைஞரும் ஓர் இளம்பெண்ணும் இருக்கிறார்கள். சம்பளக்காரர்களின் வருமான வரிக் கணக்கை முடித்துக் கொடுப்பதுதான் வரிக் கணக்கு அனுப்பும் மாதங்களில் இவர்களுடைய முழு வேலை. சம்பளக்காரர்களுக்கான வரிப் படிவமான பிஇ பாரத்தைக் காகிதத்தில் அனுப்ப அந்த ஆண்டு ஏப்ரல் 30 கடைசி நாள். இணையம் வழியாக, இ-பைலிங்கில் அனுப்பினால் மே 15 வரை அவகாசம் இருந்தது. ஆகவே ஏப்ரல் கடைசியில் மேசை முழுக்க ஈஏ பாரங்களும் (முதலாளி தரும் ஆண்டுச் சம்பள அறிக்கை) மருத்துவ, காப்புறுதி ரசீதுகளும் குவிந்து கிடக்கும்.

அக்காவின் லேப்டாப் 14 அங்குலம், விண்டோஸ் 11. மெலிதான ரகம் என்பதால் எச்டிஎம்ஐ துளை கிடையாது, இரண்டு யூஎஸ்பி-சி துளைகள்தான். அதோடு 27 அங்குல மானிட்டர் ஒன்று. இரண்டையும் இணைப்பது ஒரே ஒரு யூஎஸ்பி-சி கேபிள். படம் அதில் போகும், லேப்டாப்புக்கு மின்சாரம் அதில் வரும், மானிட்டரின் பின்பக்கம் செருகிய கீபோர்டும் மவுசும் அதன் வழியாகவே வேலை செய்யும். பெரிய திரையில் ஈஏ பாரத்தின் ஸ்கேன், சின்னத் திரையில் வரி வாரியத்தின் பக்கம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்களைச் சரிபார்ப்பது அக்காவின் பழக்கம். ஒரு திரை போனால் வேலை நின்றுவிடாது, ஆனால் ஒவ்வொரு எண்ணுக்கும் ஜன்னலை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். தப்பு நுழைவது அந்த இடத்தில்தான். அதனால் இது வெறும் வசதிப் பிரச்சினை இல்லை என்று நானும் எடுத்துக்கொண்டேன்.

செவ்வாய் மாலை: இடி

பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களில் மாலையானால் இடிமழை இங்கே வழக்கம். அன்று நாலு மணிக்குமேல் நல்ல இடி. ஒரு முறை அலுவலகத்தின் மெயின் சுவிட்ச் ட்ரிப் ஆனது. மறுபடி ஏற்றிவிட்டு, இனி ஆபத்து வேண்டாம் என்று எல்லாவற்றையும் கழற்றச் சொல்லிவிட்டார் அக்கா. சரியான முடிவு. இளம்பெண் சுவரிலிருந்து பிளக்குகளைப் பிடுங்கியதோடு நிற்காமல், மேசைமேல் இருந்த கேபிள்களையும் சுருட்டி ஒரு டிராயரில் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் காலை முதலில் வந்தவர் இளைஞர். டிராயரைத் திறந்து, இருந்தவற்றை எடுத்து, அந்தந்த இடத்தில் செருகினார். கழற்றியவர் ஒருவர், மாட்டியவர் வேறொருவர். இந்த விவரம் எனக்கு வியாழக்கிழமை மதியம்தான் தெரிய வந்தது. யாரும் மறைக்கவில்லை, நான் கேட்கவில்லை.

புதன் காலை: போனில்

ஒன்பது மணிக்கு இளைஞர் கூப்பிட்டார். மானிட்டர் உயிரோடு இருக்கிறது, ஆனால் சிக்னல் இல்லை என்று ஒரு சின்னப் பெட்டி ஐந்து விநாடி மிதந்துவிட்டு விளக்கு ஆரஞ்சு நிறத்துக்குப் போய்விடுகிறது என்றார். போட்டோ அனுப்பச் சொன்னேன், அனுப்பினார்.

வழக்கமான படிகளைச் சொன்னேன். விண்டோஸ் பொத்தானையும் பி-யையும் (P) சேர்த்து அழுத்தி, திரையை நீட்டிக்கும் தேர்வு இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது, பயன் இல்லை. டிஸ்ப்ளே செட்டிங்ஸில் இன்னொரு திரையைத் தேடச் சொல்லும் பொத்தானை அழுத்தினார், வேறு திரை எதுவும் கிடைக்கவில்லை என்றது. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்தினால், திரைப் படத்தை இயக்கும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவர் மீண்டும் தொடங்கும். அதையும் செய்தார். லேப்டாப் திரை ஒரு கணம் இருண்டு திரும்பியது, மானிட்டர் அசையவில்லை. மானிட்டரின் பவர் கார்டைச் சுவரிலிருந்து உருவி, ஒரு நிமிடம் கழித்துச் செருகியும் அதே கதைதான்.

அப்புறம் நான் கேட்ட கேள்விதான் எல்லாரையும் திசைமாற்றியது.

“கேபிள் நல்லா இருக்கா தம்பி?”

“நல்லாத்தான் இருக்குண்ணே. சார்ஜ் ஏறுது. கீபோர்டு, மவுஸ் எல்லாம் வேலை செய்யுது.”

சரி, கேபிளில் குற்றமில்லை என்று அதோடு விட்டேன். பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது: “நேத்து இடியிலதான் தம்பி போயிருக்கும், வேற என்ன?” எனக்கும் அப்படித்தான் பட்டது. நேற்று மாலை வரை வேலை செய்தது, நடுவில் இடி, இன்று வேலை செய்யவில்லை. கோவையாக ஒரு கதை கிடைத்துவிட்டால் மனசு அதற்குமேல் தேடுவதில்லை.

புதன் மதியமும் இரவும்: திசை மாறிய தேடல்

மதியம் இளைஞர் தானாகவே ஒரு நல்ல சோதனை செய்தார். கோப்பறையில் சும்மா கிடந்த பழைய டெஸ்க்டாப்பைத் தூக்கி வந்து, எச்டிஎம்ஐ கேபிளில் மானிட்டரோடு இணைத்தார். படம் வரவில்லை. மானிட்டரின் மெனுவைத் திறந்து இன்புட்டை, அதாவது எந்தத் துளையிலிருந்து படம் எடுப்பது என்ற தேர்வை, எச்டிஎம்ஐ-க்கு மாற்றியதும் பளிச்சென்று வந்தது. ஆக, மானிட்டர் பிழைத்திருக்கிறது, லேப்டாப்பின் துளைதான் கருகியிருக்க வேண்டும் என்று முடிவானது. டெஸ்க்டாப்பைக் கழற்றி வைத்துவிட்டு லேப்டாப்பை மறுபடி செருகினார். இன்புட்டைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர மறந்துவிட்டார். மெனுவில் கையால் தேர்ந்தெடுத்த அந்த நொடியிலேயே, இன்புட்டைத் தானாகத் தேடும் வசதியும் அணைந்துபோயிருந்தது.

இரவு எட்டு மணிக்கு நான் தொலைவிலிருந்து லேப்டாப்புக்குள் நுழைந்தேன். இணைந்த கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் மானிட்டர் என்ற பிரிவில் லேப்டாப்பின் சொந்தத் திரை மட்டும் இருந்தது. யூஎஸ்பி பிரிவில் மானிட்டருக்குள் இருக்கும் ஹப், அதாவது கீபோர்டும் மவுசும் செருகும் பெட்டி, தெளிவாகத் தெரிந்தது. ஹப் தெரிந்ததால் கேபிள் சரி என்ற நம்பிக்கை இன்னும் இறுகியது. அப்டேட் பட்டியலில் முந்தைய வெள்ளிக்கிழமை ஏறிய ஒரு விண்டோஸ் அப்டேட்டைப் பார்த்ததும் சந்தேகம் அதன்மேல் போயிற்று. கிராபிக்ஸ் டிரைவரை நீக்கி, லேப்டாப் தயாரிப்பாளரின் பதிப்பைப் புதிதாக ஏற்றி, இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்தேன். ஒன்றரை மணி நேரம் போனது, பலன் இல்லை. அந்த அப்டேட்டோடுதான் திங்களும் செவ்வாயும் படம் ஒழுங்காக வந்திருக்கிறது. நாள்கணக்கை ஒரு தாளில் எழுதியிருந்தால் இந்த வேலையையே தொட்டிருக்க மாட்டேன்.

தூங்கப் போகுமுன், மதர்போர்டு பழுது பார்க்கும் தெரிந்த ஒருவருக்குச் செய்தி அனுப்பி விலை கேட்டேன். துளை போயிருந்தால் போர்டையே மாற்ற வேண்டியிருக்கும், 1,200 வெள்ளி (ரிங்கிட்), ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்றார். லேப்டாப் இல்லாமல் ஒரு வாரம். மே 15-க்கு மூன்று வாரம்கூட இல்லை.

வியாழன்: நேரில்

பத்து மணிக்குப் போனேன். பையில் என் சொந்த யூஎஸ்பி-சி கேபிள், படம் வரும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்த கேபிள். கூடவே 15 அங்குல கையடக்க மானிட்டர் ஒன்றும் இருந்தது.

முதலில் அலுவலகக் கேபிளை எடுத்துவிட்டு என்னுடையதைப் போட்டேன். சார்ஜ் ஏறியது, கீபோர்டு வேலை செய்தது, படம் இல்லை. லேப்டாப்பின் இரண்டாவது துளையில் மாற்றிச் செருகினேன். அதிலும் அப்படியே. நல்ல கேபிளிலும் வரவில்லை என்றால் லேப்டாப்தான் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடியது. அன்றே லேப்டாப்பை எடுத்துப் போய்க் கொடுத்துவிட்டு, கோப்புகளை டெஸ்க்டாப்புக்கு மாற்றுவது பற்றிப் பேசத் தொடங்கினோம்.

என்னைத் தடுத்தது ஒரு சின்ன உறுத்தல். மின்னலின் அதிர்ச்சி மின்சாரம் இரண்டு துளைகளிலும் படம் போகும் பகுதியை மட்டும் கச்சிதமாகக் கருக்கிவிட்டு, மின்சாரத்தையும் யூஎஸ்பியையும் தொடாமல் விடுமா? நடக்கவே நடக்காது என்று சொல்ல முடியாது. ஆனாலும் 1,200 வெள்ளிச் செலவை அதன்மேல் வைப்பதற்கு முன் இன்னொரு சோதனை பாக்கி இருந்தது. கையடக்க மானிட்டரை வெளியே எடுத்து, என் கேபிளால் லேப்டாப்போடு இணைத்தேன். மூன்று விநாடியில் படம் வந்தது. அடுத்த துளையிலும் வந்தது.

லேப்டாப்புக்கு ஒன்றுமே ஆகவில்லை. அப்படியானால் மானிட்டரின் யூஎஸ்பி-சி பக்கமா? மறுபடி அதில் செருகி, மிதந்து வந்த அந்தச் சின்னப் பெட்டியை இந்தமுறை முழுசாகப் படித்தேன். சிக்னல் இல்லை என்ற வரிக்கு மேலே, சாம்பல் நிறத்தில் சின்ன எழுத்தில் ‘எச்டிஎம்ஐ’ என்று இருந்தது. போனைத் திறந்து புதன் காலை வந்த போட்டோவைப் பெரிதாக்கினேன். அதில் அதே இடத்தில் ‘யூஎஸ்பி-சி’. ஒரே மாதிரிப் பெட்டி, ஒரே மாதிரிச் செய்தி, இரண்டு வேறு காரணங்கள்.

மெனுவில் இன்புட்டை யூஎஸ்பி-சிக்கு மாற்றினேன், படம் வந்தது. இளைஞர் கைதட்டினார். எனக்கு ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. இன்புட் மாறியது புதன் மதியம், படம் போனதோ புதன் காலை. காலையில் எது தடுத்தது? என் கேபிளை உருவி அலுவலகக் கேபிளைச் செருகினேன். சார்ஜ் ஏறியது, கீபோர்டு வேலை செய்தது, படம் போய்விட்டது.

அந்த இரண்டு கேபிள்கள்

அலுவலகக் கேபிளைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கறுப்பு, மெலிசு, ஆறடி நீளம், விரலில் நூல்போலச் சுற்றிக்கொள்ளும். தலையில் எந்த எழுத்தும் இல்லை. ஏதோ ஒரு போனோடு வந்த சார்ஜிங் கேபிள்.

“மானிட்டரோட வந்த கேபிள் இதுதானா?” என்று கேட்டேன். இளம்பெண் ஒரு கணம் யோசித்து, “இல்லண்ணே, அது கொஞ்சம் தடியா, குட்டையா இருக்கும்” என்றார். தேடினோம். முன் கவுண்டரில், கியூஆர் கட்டணம் வாங்கும் போனுக்கு சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தது. கறுப்பு, மூன்றடிதான் இருக்கும், வளைத்தால் விறைத்து எதிர்க்கும். பிளாஸ்டிக் தலையில் எஸ்எஸ் என்ற குறியும் 10 என்ற எண்ணும், அதிவேகத் தகவல் கேபிளின் அடையாளம். டிராயரில் இரண்டும் ஒன்றாகக் கிடந்திருக்கின்றன. புதன் காலை கையில் முதலில் வந்தது மானிட்டருக்கும், மற்றது கவுண்டருக்கும் போய்விட்டன. முனை ஒன்றுபோல் இருந்ததால் இரண்டும் பொருந்தின, இரண்டு இடத்திலும் ஏதோ ஒன்று வேலை செய்தது.

தடி கேபிளை மானிட்டருக்குக் கொண்டுவந்தோம். படம் வந்தது, நின்றது.

ஏன் இப்படி

யூஎஸ்பி-சி முனை 2014-இல் வந்தது. அதற்குள் 24 தொடுமுனைகள் இருக்கின்றன. எட்டு மின்சாரத்துக்கும் கிரவுண்டுக்கும், நான்கு பழைய யூஎஸ்பி 2.0-க்கு, எட்டு அதிவேகத் தகவலுக்கு, இரண்டு கருவிகள் தங்களுக்குள் பேசி முடிவுசெய்யும் பேச்சுவார்த்தைக்கு, இரண்டு துணை வேலைகளுக்கு. போன் சார்ஜிங் கேபிள்களில் பெரும்பாலும் மின்சாரக் கம்பிகளும், பேச்சுவார்த்தைக் கம்பியும், யூஎஸ்பி 2.0 இணையும் மட்டும்தான் ஓடும். அதிவேகக் கம்பிகளை உள்ளே போடவே மாட்டார்கள். போட்டால் தடிக்கும், விலையும் ஏறும்.

கீபோர்டுக்கும் மவுசுக்கும் யூஎஸ்பி 2.0 தாராளம். மானிட்டரின் ஹப் விண்டோஸில் தெரிவதற்கும் அதுவே போதும். படத்துக்குப் போதாது. யூஎஸ்பி-சி வழியாகப் படம் அனுப்பும் முறைக்கு டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் என்று பெயர். அது அந்த அதிவேகக் கம்பிகளில் படத்தை ஏற்றுகிறது. மானிட்டர் தன் பெயர், மாடல், தாங்கும் ரெசல்யூஷன் எல்லாவற்றையும் இடிஐடி என்ற சின்னத் தகவல் தொகுப்பில் வைத்திருக்கும், அதன் அடிப்படைப் பகுதி 128 பைட்தான். லேப்டாப் அதைப் படிப்பது துணைக் கம்பிகள் வழியாக. அந்தக் கம்பிகளும் சார்ஜிங் கேபிளில் இல்லை. ஆகவே விண்டோஸ் பொய் சொல்லவில்லை. அதன் கண்ணுக்கு அங்கே ஹப் ஒன்று இருந்தது, திரை இல்லை.

சார்ஜ் ஏறுகிறது, கீபோர்டு வேலை செய்கிறது என்ற இரண்டையும் நாங்கள் கேபிளுக்கான நற்சான்றாக எடுத்துக்கொண்டோம். படம் எந்தக் கம்பியில் போகிறதோ அந்தக் கம்பியைப் பற்றி அவை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

இரண்டாவது தடை இன்புட். இந்த மாடல் தேர்ந்தெடுக்காத வழியில் படத்தை ஏற்பதே இல்லை, லேப்டாப்புக்குத் தன்னைக் காட்டிக்கொள்வதும் இல்லை. ஆனால் மின்சாரமும் ஹப்பும் எப்போதும் யூஎஸ்பி-சியிலேயே ஓடிக்கொண்டிருக்கும். எல்லா மானிட்டரும் இப்படி நடந்துகொள்ளாது. சிலவற்றில் இன்புட் வேறாக இருந்தாலும் லேப்டாப் இரண்டாவது திரையைப் பார்த்துவிடும்.

புதன் மதியத்துக்குப் பிறகு இரண்டு தடைகளும் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்துகொண்டன. கேபிளை மட்டும் மாற்றினால் இன்புட் தடுக்கும், இன்புட்டை மட்டும் மாற்றினால் கேபிள் தடுக்கும். வியாழன் காலை என் நல்ல கேபிள் தோற்றது அதனால்தான். அந்தத் தோல்வியைப் பார்த்துத்தான் லேப்டாப்புக்குத் தீர்ப்பு எழுதப் போனேன். இளைஞரின் டெஸ்க்டாப் சோதனையை நான் குறைசொல்லவில்லை. யோசித்துச் செய்த சோதனை அது. சோதனைக்காக மாற்றியதை முன்பிருந்த நிலைக்குத் திருப்பி வைக்கச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியவன் நான்.

இடிக்கும் இதில் பங்கு உண்டு, நாங்கள் நினைத்த பங்கு இல்லை. இடி எதையும் கருக்கவில்லை, கேபிள்களைக் கழற்ற வைத்தது.

என்ன மாற்றினோம்

அன்றைக்கே தடி கேபிளின் இரண்டு முனையிலும் சிவப்பு டேப் சுற்றினோம். மேசையின் பின்பக்கத்தை எல்லாம் செருகிய நிலையில் போட்டோ எடுத்து, அச்சிட்டு டிராயரின் உள்பக்கம் ஒட்டினார் இளம்பெண். இடி வந்தால் சுவர் பிளக்கையும், இணையத்துக்கான மோடம் கேபிளையும் கழற்றினால் போதும், லேப்டாப்புக்கும் மானிட்டருக்கும் நடுவில் உள்ளதைத் தொட வேண்டாம் என்று முடிவெடுத்தோம். சர்ஜ் (திடீர் மின் உயர்வு) தாங்கும் எக்ஸ்டென்ஷன் ஒன்றும் வாங்கச் சொன்னேன், அக்கா வாங்கிவிட்டார். அது இருந்தாலும் பிளக்கைக் கழற்றுவதே நல்லது என்பதையும் சொல்லி வைத்தேன். மானிட்டர் மெனுவில் இன்புட்டைத் தானாகத் தேடும் வசதியைத் திரும்பப் போட்டோம்.

என் பக்கத்தில் மாறியது கேள்விதான். கேபிள் நல்லா இருக்கா என்று இப்போது கேட்பதில்லை. போன வாரம் இருந்த அதே கேபிளா, கழற்றியது யார், மாட்டியது யார் என்று கேட்கிறேன். முனையோடு சேர்த்து ஒரு போட்டோ, சிக்னல் இல்லை என்ற பெட்டிக்கு கிட்டத்தில் இன்னொரு போட்டோ வாங்கிக்கொள்கிறேன். நேரில் போனால் கையடக்க மானிட்டரை முதல் ஐந்து நிமிடத்திலேயே வெளியே எடுக்கிறேன். நல்லது என்று தெரிந்த கேபிளோடு நல்லது என்று தெரிந்த திரையும் சேர்ந்தால்தான் லேப்டாப்பைப் பற்றி ஏதாவது சொல்ல முடியும். டிரைவரைத் தொடுவது அதற்கெல்லாம் பிறகு.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். புதிதாக வாங்கிய லேப்டாப்பில் முதல்முறையாக மானிட்டர் இணைக்கிறவர்களுக்கு இந்த ஆய்வு அப்படியே பொருந்தாது. சில லேப்டாப்புகளின் யூஎஸ்பி-சி துளையில் படம் அனுப்பும் வசதியே இருக்காது. துளையின் பக்கத்தில் டிஸ்ப்ளேபோர்ட் குறியோ மின்னல் குறியோ இருக்கிறதா, தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தில் அந்த வசதி எழுதியிருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். செந்தூலில் அந்தக் கேள்வி எழவில்லை, ஏனென்றால் செவ்வாய் மாலை வரை அங்கே படம் வந்துகொண்டிருந்தது.

பின்தொடர்ச்சி

வெள்ளிக்கிழமை காலை கூப்பிட்டுக் கேட்டேன், படம் நின்றிருந்தது. புதனும் வியாழனும் ஒற்றைத் திரையில் முடித்த கோப்புகளை அக்கா மறுபடி இரண்டு திரையில் வைத்துப் பார்த்தார். ஒரு பாரத்தில் காப்புறுதித் தொகை பக்கத்துக் கட்டத்தில் ஏறியிருந்தது. அனுப்புமுன்பே பிடித்துவிட்டார். மதர்போர்டு விலை சொன்னவரைக் கூப்பிட்டு வேண்டாம் என்று சொன்னேன், என்ன காரணம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். மே 15-க்கு முன்பே எல்லாக் கோப்புகளும் போய்விட்டன.

அந்த வாரக் கடைசியில் மறுபடி நல்ல இடி. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இளம்பெண்ணிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. சிவப்பு டேப் சுற்றிய கேபிள் மானிட்டரில் செருகியிருக்கிறது, பெரிய திரையில் அலுவலகக் கோப்புப் பட்டியல். கீழே ஒரே வரி: “நேத்து பிளக் மட்டும்தாண்ணே கழட்டினோம்.”